அச்சத்திற்கும் ஓர் அளவு



அமெரிக்க நாட்டில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கியிருக்கும் மூத்தோர் பலருடைய உள்ளத்தில், ஆண்டுதோறும் இப்பருவத்தில் ஒரே வினா எழுகிறது. “பேரப்பிள்ளைகள் ஹாலோவீன் விருந்துக்குப் போகவேண்டும் என்கிறார்கள். எலும்புக்கூட்டு வேடமும் சூனியக்காரி வேடமும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நாள்தோறும் விளக்கேற்றும் வீட்டில் இது தகுமா? சின்னக் குழந்தை பயந்துவிட்டால் என்ன செய்வது?” என்பதே அவ்வினா.

இதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று மரபைப் பற்றியது. மற்றொன்று குழந்தையைப் பற்றியது. முன்னதற்கு விடை எளிது. பின்னதற்கே நாம் பொறுமையோடு விடை தேடவேண்டும்.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் நாள் மாலையைக் குறிக்கும். அறுவடை முடிந்து, இருளும் குளிரும் நீளத் தொடங்கும் எல்லையில், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த பழைய கெல்ட்டிய மக்கள் ஒரு விழா எடுத்தனர். இறந்தோர் உலகத்திற்கும் இருப்போர் உலகத்திற்கும் இடையிலுள்ள கதவு அன்றிரவு திறந்திருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. பின்னர் 9ஆம் நூற்றாண்டில் மேலைக் கிறித்தவத் திருச்சபை நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும் உரிய நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. நவம்பர் 2 இறந்தோர் அனைவரையும் நினைக்கும் நாளாயிற்று. புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரே சுருங்கி ‘ஹாலோவீன்’ ஆயிற்று.

பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று இனிப்பு வாங்கும் வழக்கத்திற்கும் ஒரு பழைய வேர் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் இல்லந்தோறும் சென்று, அவ்வீட்டில் இறந்தோருக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிச் சிறு பணியாரங்களைப் பெற்றனர். அயர்லாந்து மக்கள் கிழங்கைக் குடைந்து, அச்சமூட்டும் முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் அமெரிக்காவில் குடியேறியபோது, அங்கே பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் விளைந்த பரங்கிக்காய் அக்கிழங்கின் இடத்தைப் பிடித்தது. புதிதாக எழும்பும் கட்டடத்தின் முன்னே கோர முகம் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காயைத் தொங்கவிட்டுப் பழகிய நம் பாட்டிமார்களுக்கு, அந்தப் பரங்கிக்காய் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

இன்று பொழுதுபோக்குப் பூங்காக்களில் நடைபெறும் ஹாலோவீன் விருந்தில் வழிபாடு எதுவும் இல்லை, சடங்கும் இல்லை. அது வேடமும் விளக்கும் இனிப்பும் கலந்த ஒரு விளையாட்டு. விரும்பும் குடும்பம் செல்லலாம். விரும்பாத குடும்பம் செல்லாதிருக்கலாம். இருவர் மீதும் குறை இல்லை. மரபைப் பற்றிய வினாவுக்கு இவ்வளவே விடை.

இனிக் குழந்தையைப் பற்றிய வினாவுக்கு வருவோம். இதற்கு அவ்விருந்தின் இயல்பையே சற்று அருகில் சென்று பார்க்கவேண்டும்.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரை அடுத்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது மேஜிக் கிங்டம் என்னும் பூங்கா. அங்கே 1995ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஒரே ஓர் இரவு, ஒரு ஹாலோவீன் விருந்து நடத்தப்பட்டது. இன்று அது ஆகஸ்ட் மாதத்திலேயே தொடங்கி, அக்டோபர் இறுதி வரை குறிப்பிட்ட பல இரவுகளில் நடைபெறுகிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், ‘மிக்கியின் அவ்வளவாகப் பயமுறுத்தாத ஹாலோவீன் விருந்து’ என்று அமையும். பயமே இல்லாத விருந்து என்று அவர்கள் பெயர் சூட்டவில்லை. பயங்கர விருந்து என்றும் சூட்டவில்லை. ‘அவ்வளவாக’ என்னும் அந்தச் சொல்லில்தான் நாம் கற்கவேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விருந்து இரவு 7 மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும். தனி நுழைவுச்சீட்டு பெற்றவர்கள் மாலை 4 மணிக்கே உள்ளே செல்லலாம். கையில் ஓர் அடையாளப் பட்டை கட்டுவார்கள். பொழுது சாயும்போது பிரதான வீதி முழுவதும் பரங்கிக்காய் முகங்கள் ஒளிரும்; கட்டடங்கள் செம்மஞ்சளும் ஊதாவுமாக நிறம் மாறும். பூங்காவின் பல மூலைகளில் இனிப்பு வழங்கும் நிலையங்கள் இருக்கும். பிள்ளைகள் பையை நீட்டினால் கைநிறைய இட்டு அனுப்புவார்கள். பெரியவர்களும் பையை நீட்டலாம். அன்றிரவு வயது ஒரு தடையன்று.

வீதியுலா இருமுறை நடைபெறும். அதற்கு முன்னோடியாகத் தலையற்ற குதிரைவீரன் ஒருவன், ஒளிரும் பரங்கிக்காய் ஒன்றைக் கையில் ஏந்தி, கருங்குதிரையில் வீதி வழியே விரைந்து செல்வான். வாஷிங்டன் இர்விங் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1820இல் வெளியிட்ட கதையொன்றிலிருந்து புறப்பட்டு வந்தவன் அவன். உலாவில் கல்லறை தோண்டுவோர் வேடமிட்ட ஆடலர்கள், மண்வெட்டிகளைத் தரையில் உரசித் தீப்பொறி பறக்க ஆடி வருவர். கதைகளின் தீய மாந்தர்கள் கோட்டையின் முன்னே மேடையேறி ஆடுவர். பின்னர் வாணவேடிக்கை நிகழும்.

இவற்றின் நடுவே நிற்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தாய், தந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, பதினொரு வயதுப் பையன், நான்கு வயதுப் பெண்குழந்தை. எல்லாரும் மகிழ்ச்சியோடுதான் வந்தார்கள். ஒருவருக்கு 100 டாலருக்கும் மேல் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியிருக்கிறார்கள். பேய்மாளிகை என்னும் புகழ்பெற்ற காட்சியரங்கின் வாயிலில் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நகர்கிறது, வாயில் நெருங்குகிறது. அப்போது குழந்தை நின்றுவிடுகிறாள். “நான் வரவில்லை” என்கிறாள்.

அந்த நொடியில் என்ன நிகழ்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தந்தைக்குக் கொடுத்த பணமும் வரிசையில் நின்ற நேரமும் நினைவுக்கு வருகின்றன. “இதற்கெல்லாம் பயமா? உள்ளே ஒன்றுமே இல்லை, வா” என்று கையைப் பற்றி இழுக்கிறார். அண்ணன் சிரிக்கிறான். தாயோ குழந்தையின் அழுகை வேடிக்கையாக இருக்கிறதென்று கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார். எவரும் கொடியவர் அல்லர். எல்லாரும் அக்குழந்தையிடம் அன்புடையவர்களே. எனினும் அந்த நொடியில் குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: ‘எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், என்னைச் சேர்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள், சிரிப்பார்கள்.’ இந்தப் பாடம் பேய்மாளிகையோடு முடிந்துபோவதில்லை. பிறகு பள்ளியில் ஒருவன் மிரட்டினாலும், பழகிய ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டாலும், அக்குழந்தை வீட்டில் வந்து சொல்லுமா என்பது, இத்தகைய சிறிய நொடிகளால்தான் முடிவாகிறது.

“உள்ளே ஒன்றுமே இல்லை” என்று நாம் சொல்லும் சொல் உண்மையே. ஆயினும் அது குழந்தையைச் சென்று சேர்வதில்லை. ஏன் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. ரீட்டா டி வ்ரீஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. மேனார்ட் என்னும் சாதுவான பூனை ஒன்றை, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் முதலில் பழகவிட்டார். பின்னர் அப்பூனையின் முகத்தில் கொடிய நாயின் முகமூடியை மாட்டினார். அது பூனையே என்று கண்ணால் கண்டிருந்தும், மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினர். சிலர் அதனருகே செல்லவும் அஞ்சினர். ஆறு வயதினரோ, முகமூடி மாறினாலும் பூனை பூனைதான் என்பதைப் பெரும்பாலும் உணர்ந்திருந்தனர்.

ஆகவே, முகமூடி அணிந்த மனிதரை ஆறு வயதுப் பிள்ளை பார்ப்பது வேறு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை பார்ப்பது வேறு. அண்ணனுக்கு வேடிக்கையாக இருப்பது தங்கைக்கு வேடிக்கையன்று. அவள் கோழையும் அல்லள். பூனையைப் பூனையாகவே காணும் பருவத்தை அவள் இன்னும் எட்டவில்லை, அவ்வளவே. இவ்விருந்தின் விதிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. 14 வயதும் அதற்கு மேலும் உடையவர்கள் வேடம் அணியலாம். ஆனால் எவ்வகை முகமூடியும் அணியலாகாது. அதற்குக் குறைந்த வயதுடையோர் முகமூடி அணிந்தாலும் கண்கள் தெரியவேண்டும். கூட்டத்தில் உடன் வரும் பெரியவர்களின் முகம் அன்றிரவும் மனித முகமாகவே இருக்கிறது.

அப்படியாயின், அஞ்சும் குழந்தையை எப்போதும் விலக்கியே வைத்திருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. அச்சம் கரையும் வழியும் அறிஞர்களால் ஆராயப்பட்டிருக்கிறது. 1924ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், ஏறக்குறைய மூன்று வயதுடைய பீட்டர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயலைக் கண்டால் பெரும் பயம். அம்மையார் அவனைக் கடியவில்லை. முயலை அவன் மடியில் தூக்கிப் போடவும் இல்லை. முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளை அவனோடு விளையாடவிட்டார். அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் வேளையில், கூண்டிலுள்ள முயலைத் தொலைவில் வைத்தார். உண்பது தடைப்படாத அளவுக்குச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் அந்த முயலைத் தானே தொட்டு விளையாடினான்.

அச்சம் கரைவதற்கு மூன்று துணைகள் தேவை என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஒன்று, அளவான தொலைவு. இரண்டாவது, இனிய ஏதோ ஒன்று. மூன்றாவது, அஞ்சாதவருடைய உடனிருப்பு. வியப்பு என்னவென்றால், ஹாலோவீன் மாலையில் இம்மூன்றும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. கோர முகம் கொண்ட விளக்கின் அருகே சென்றால் இனிப்பு கிடைக்கிறது. தனியே செல்வதில்லை, துணையோடு செல்கிறோம். வேண்டுமென்றால் இரண்டடி பின்னே நின்றுகொள்ளலாம். இனிப்பையும் கூட்டத்தையும் பூங்கா தந்துவிடும். அளவான தொலைவை மட்டும் பூங்காவால் தர முடியாது. அதைத் தரவேண்டியவர் குழந்தையின் கையைப் பற்றியிருப்பவரே.

எல்லாப் பூங்காக்களின் ஹாலோவீன் இரவும் ஒரே தன்மையது என்று எண்ணிவிடலாகாது. அதே ஆர்லாண்டோ நகரில் யூனிவர்சல் பூங்கா 1991 முதல் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ என்னும் நிகழ்ச்சியை நடத்திவருகிறது. அது வளர்ந்தோரை அச்சுறுத்துவதற்கென்றே அமைந்தது. 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது ஏற்றதன்று என்று அதை நடத்துவோரே அறிவிக்கின்றனர்; வருவோர் வேடம் அணியவும் அங்கே இடமில்லை. பதினொரு வயதுப் பையன், “என் நண்பர்கள் அங்கேதான் போகிறார்கள்” என்று வற்புறுத்தினாலும், பெற்றோர் இணங்க வேண்டியதில்லை. இரண்டும் ஹாலோவீன் என்று பெயர் தாங்கினாலும், ஒன்று குழந்தையின் அளவறிந்து நிற்பது. மற்றொன்று அளவைக் கடப்பதையே விற்பது.

செல்லத் துணிந்த குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகளைச் சொல்வது பயன் தரும்.

வேடத்தைக் குழந்தையே தெரிந்தெடுக்கட்டும். விருந்துக்குச் சில நாள் முன்பே வீட்டில் அதை அணிந்து, கண்ணாடியில் பார்த்துப் பழகட்டும். தந்தை குழந்தையின் கண்முன்னே வேடத்தை அணிந்து, கண்முன்னே களையட்டும். உள்ளே இருப்பவர் அப்பாவே என்பதைக் குழந்தை பலமுறை காணவேண்டும்.

பேய்மாளிகையைப் பற்றி மூத்த பிள்ளைகளுக்கு அதன் சூட்சுமத்தை விளக்குங்கள். அங்கே விருந்து மண்டபத்தில் ஆடும் ஆவிகள் ஒளி ஊடுருவத் தோன்றி மறைகின்றன. நமக்கும் மண்டபத்திற்கும் இடையே மாபெரும் கண்ணாடி ஒன்று நிற்கிறது. நம் கண்ணுக்கு நேரே படாத இடத்தில் பொம்மைகள் சுழல்கின்றன. அவற்றின் மீது ஒளி விழும்போது, அவற்றின் பிரதிபிம்பம் கண்ணாடியில் ஆவியாகத் தெரிகிறது. ஒளி அணைந்தால் ஆவி மறைகிறது. 1862ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் காட்டி மக்களை வியக்கவைத்த உத்தி இது. இதைத் தெரிந்துகொண்ட சிறுவன் பேயைத் தேடமாட்டான். கண்ணாடி எங்கே என்று தேடுவான். அச்சம் அறிவாக மாறுவது அப்படித்தான். பிறகு தங்கையைப் பார்த்துச் சிரிப்பதற்கு மாறாக, அவளுக்கு விளக்கிச் சொல்லும் ஆசிரியனாகிவிடுவான்.

இனிப்புப் பையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மென்மையாக இழுபடும் மிட்டாய்கள் பலவற்றிலும் மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற இனிப்பிலும் ஜெலட்டின் சேர்க்கப்படுவதுண்டு. அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சைவ உணவு உண்ணும் குடும்பத்தினர் உறையிலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பிரித்துக்கொள்ளவேண்டும். பூங்காவில் பிள்ளையின் கையிலிருந்து பறிக்காதீர்கள். ‘வீட்டுக்குப் போய் எல்லாரும் உட்கார்ந்து பிரிப்போம்’ என்று முன்பே சொல்லி வைத்துவிட்டால், பிரிப்பதும் ஒரு விளையாட்டாகிவிடும். சில உணவுகள் ஒவ்வாத பிள்ளைகளுக்கெனத் தனிவகைத் தின்பண்டங்களும் அங்கே தரப்படுகின்றன, கேட்டுப் பெறலாம்.

வாணவேடிக்கையின் ஓசை சிறு குழந்தைகளைத் திடுக்கிடச் செய்யும். கோட்டையின் அருகே முண்டியடித்து நிற்கவேண்டியதில்லை. தொலைவில் நின்றாலும் வானம் எல்லாருக்கும் பொதுவே. நெடுநேரம் நிற்க இயலாத பாட்டியும் தாத்தாவும் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம்; குழந்தையின் காதை மூடிக்கொள்ள ஒரு மடியும் அங்கே இருக்கும்.

இனி, வாயிலில் நின்றுவிட்ட அந்த நான்கு வயதுக் குழந்தைக்குத் திரும்புவோம். அவளுக்கு நாம் செய்யத்தக்கது என்ன? முதலில், அவள் உயரத்திற்குக் குனிந்து அமர்வது. “பயமாக இருக்கிறதா? சரி” என்று ஒப்புக்கொள்வது. “அது பயமே இல்லை” என்று மறுக்கவேண்டாம். அவளுக்கு அது பயமே. பெரியவர் ஒருவர் அவளோடு வெளியே நிற்கட்டும்; மற்றவர்கள் உள்ளே சென்று வரட்டும். அப்பணிக்குப் பாட்டியைவிடப் பொருத்தமானவர் எவருமில்லை. இருவரும் ஒரு பரங்கிக்காய் விளக்கின் அருகே அமர்ந்து, அதன் மூக்கு எப்படி இருக்கிறது, பற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வருவதைக் குழந்தை பார்க்கும். உள்ளே சென்றவர்கள் திரும்பி வருகிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய செய்தி. அடுத்த ஆண்டு அவள் உள்ளே போகலாம், போகாமலும் இருக்கலாம். போனால், தன் காலால் நடந்து போவாள். இழுத்துச் செல்லப்பட்டவளாகப் போகமாட்டாள்.

கொடுத்த பணம் வீணாயிற்றே என்று தந்தையார் வருந்தவேண்டாம். ‘பயமாக இருக்கிறது என்று சொன்னேன், என் வீட்டார் கேட்டார்கள்’ என்னும் நம்பிக்கையை அக்குழந்தை அன்று பெற்றிருக்கிறது. 100 டாலருக்கு அது மிக மலிவு.

2024ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாளும் அக்டோபர் 31ஆம் நாளிலேயே வந்தது. வெடியோசைக்கு அஞ்சிக் கதவின் பின்னே ஒளியும் குழந்தைகள் நம் வீடுகளிலும் உண்டு. ‘ஆண்பிள்ளை பயப்படலாமா?’ என்று கேட்டு, பற்றவைத்த மத்தாப்பை வலிந்து கையில் திணிப்போரும் உண்டு. அந்தக் குழந்தைக்கும் இதே நெறிதான். முதலில் தொலைவு, பிறகு இனிப்பு, எப்போதும் ஒரு கை.

நம் பிள்ளைகள் அச்சமே அறியாதவர்களாக வளரவேண்டும் என்பதில்லை. அஞ்சும்போது யாரிடம் ஓடிவரவேண்டும் என்பதை அறிந்தவர்களாக வளரட்டும். ஓடிவரும் அந்நொடியில் நம் கை வெறுமையாக, அவர்களைப் பற்றிக்கொள்ள ஆயத்தமாக இருக்கட்டும். அவ்வளவு செய்தால், ஆர்லாண்டோவின் பரங்கிக்காய் விளக்குகளுக்கு நடுவிலும் அது நல்ல மாலையே.